திறமையைத் தேடி வரும் சுமை: பணிச்சோர்வு பற்றிய நிலைப்பாடுகள் – ஒரு மதிப்பாய்வு

வினாவும் அதன் எல்லையும்

நன்றாக வேலை செய்யும் ஒருவர், தம்மைத் தேய்த்துக்கொள்ளாமல் நெடுங்காலம் நன்றாக வேலை செய்துகொண்டிருப்பது எப்படி என்னும் கேள்விக்கு, கடந்த 150 ஆண்டுகளில் மருத்துவர்களும் தொழிற்சாலை ஆய்வாளர்களும் உளவியலாளர்களும் சட்டம் இயற்றுவோரும் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளனர். ஓய்வு கொடுத்தால் போதும் என்பது ஒரு விடை. வேலை நேரத்துக்கு வரம்பு கட்ட வேண்டும் என்பது இன்னொன்று. வேலை அமைக்கப்பட்டுள்ள விதத்தையே மாற்ற வேண்டும் என்பது மூன்றாவது. உழைப்பவர் தம் மனத்தைப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்பது நான்காவது. இந்தியாவில் இக்கேள்வி அண்மைக்காலத்தில் பெரும்பாலும் மணிக்கணக்காகவே பேசப்பட்டது. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான என். ஆர். நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று கூறியதும், 2025 ஜனவரியில் லார்சன் அண்ட் டூப்ரோ தலைவர் எஸ். என். சுப்ரமணியன் 90 மணி நேர வாரத்தை ஆதரித்துப் பேசிய காணொலி பரவியதும் பெரும் வாதங்களைக் கிளப்பின. அவ்வாதங்களில் எத்தனை மணி நேரம் என்பது அலசப்பட்ட அளவுக்கு, யாருடைய தோளில் எவ்வகை வேலை ஏறுகிறது என்பது அலசப்படவில்லை. இக்கட்டுரை மேற்கண்ட விடைகளின் தோற்றத்தையும் வலுவையும் குறையையும் வரிசையாக நோக்கியபின், அந்த இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறது.

தொடக்கத்திலேயே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. மிகையுழைப்பு என்பது ஒரு செயல். உடலும் மனமும் தாங்கும் அளவைக் கடந்து வேலை செய்வதை அது குறிக்கும். பணிச்சோர்வு என்பது ஒரு நிலை. அலுவலகப் பேச்சில் ‘பர்ன்அவுட்’ என்று வழங்குவது இதுவே. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பு, சரிவரக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவாக இதை வரையறுக்கிறது. ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், தம்மால் செய்ய முடியும் என்னும் உணர்வு குறைதல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். அந்த வகைப்பாடு இதை நோயாகக் கொள்ளாமல், தொழில் சார்ந்த நிகழ்வாக மட்டுமே ஏற்கிறது. ஒரு நாள் தூக்கத்தில் தீர்ந்துவிடும் களைப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, கால நீட்சியிலும் வேலையின்பால் ஏற்படும் மனவிலகலிலும் உள்ளது.

நரம்புத் தளர்ச்சியிலிருந்து பணிச்சோர்வு வரை

இந்நிலைக்கு நவீன மருத்துவம் தந்த முந்தைய பெயர்களுள் ஒன்று நியூராஸ்தீனியா, அதாவது நரம்பாற்றல் தளர்ச்சி. 1869-இல் அதைப் பரவலாக்கிய நியூயார்க் மருத்துவர் ஜார்ஜ் பியர்ட், மனித உடலில் ஓர் அளவுக்கே நரம்பாற்றல் உண்டு என்றும், மூளையால் உழைப்போர் அதை விரைவில் செலவழித்துவிடுகிறார்கள் என்றும் கருதினார். நீராவி ஆற்றல், தந்தி, பருவ இதழ்கள், அறிவியல் வளர்ச்சி ஆகியவற்றோடு பெண்களின் அறிவுச் செயல்பாட்டையும் காரணப் பட்டியலில் அவர் சேர்த்தார். மருந்தாக முன்வைக்கப்பட்டவற்றுள் புகழ்பெற்றது, சைலஸ் வீர் மிட்செல் வகுத்த படுக்கை ஓய்வும் ஊட்ட உணவும் கொண்ட சிகிச்சை. இந்தக் கருத்தாக்கத்தின் குறை இன்று வெளிப்படையாகத் தெரிகிறது: படித்த வகுப்பினரின் சோர்வு நாகரிகத்தின் அடையாளமாகப் போற்றப்பட்டபோது, ஆலையிலும் வயலிலும் உழைத்தோரின் சோர்வு மருத்துவரின் கண்ணுக்குப் பெரும்பாலும் படவில்லை. ஆனால் அதன் ஒரு கூறு இன்றும் மறையவில்லை. சோர்ந்து விழும் அளவுக்கு வேலை இருப்பதே ஒருவரின் முக்கியத்துவத்துக்குச் சான்று என்னும் எண்ணம், பெயர் மாறி அலுவலகங்களில் தொடர்கிறது.

இப்போது வழங்கும் பெயர் 1974-இல் வந்தது. நியூயார்க்கின் இலவச மருத்துவமனை ஒன்றில் தன்னார்வலராகப் பணியாற்றிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், அங்கு உழைத்தோர் சில மாதங்களில் உற்சாகம் இழந்து எரிச்சலும் கசப்பும் கொண்டவர்களாக மாறுவதைக் கண்டு எழுதினார். எளிதில் இந்நிலைக்கு ஆளாவோர் சோம்பேறிகள் அல்லர், பற்றோடும் ஈடுபாட்டோடும் உழைப்பவர்களே என்று அவர் குறித்தது, இக்கட்டுரையின் பொருளுக்கு மிக முக்கியமானது. கலிஃபோர்னியாவில் கிறிஸ்டினா மஸ்லாக் இதே போக்கை மனிதர்களோடு பழகும் தொழில்களில் ஆராய்ந்து, சூசன் ஜாக்சனுடன் சேர்ந்து 1981-இல் ஓர் அளவுகோலை உருவாக்கினார். 22 கூற்றுகள் கொண்ட அந்த வினாநிரல், மருத்துவ அறையில் சொல்லப்பட்ட ஓர் அனுபவத்தை எண்ணாக மாற்றியது. அதன்பின் இத்துறை வேகமாக வளர்ந்தது. அளவுகோல் எதை அளக்கிறது என்னும் ஐயமும் கூடவே வளர்ந்தது.

நேரமே காரணம் என்னும் நிலைப்பாடு

தொழிலாளர் இயக்கம் தந்த விடை நேரத்தைப் பற்றியது. எட்டு மணி நேர வேலை என்னும் ராபர்ட் ஓவனின் 19-ஆம் நூற்றாண்டுக் கோரிக்கை, 1919-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கையில் வாரத்துக்கு 48 மணி நேரம் என்னும் வடிவம் பெற்றது. பிரிட்டிஷ் இந்தியாவுக்கு அதே உடன்படிக்கை 60 மணி நேரம் என்று தனி அளவை வைத்தது. இந்த இயக்கம் இந்தியாவிலும் குரலெழுப்பியது: 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் நடத்திய மே தினக் கூட்டம், இந்தியாவின் முதல் மே தினக் கொண்டாட்டமாகக் கொள்ளப்படுகிறது.

நேர வரம்பு வெறும் உரிமைக் கோரிக்கை அன்று, உற்பத்திக் கணக்கும் கூட என்பதற்கு வலுவான சான்று, எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் ஞாயிறும் வேலை நடந்தது. 1915-இல் அரசு அமைத்த குழுவின் ஆய்வாளர்கள், குண்டுகளின் வெடிதூண்டிப் பாகங்களைக் கடைந்த பெண்கள், திருகுமரை வெட்டிய பெண்கள், மேல்மூடிகளைத் துளையிட்ட சிறுவர்கள் ஆகியோர் ஒவ்வொரு வாரமும் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள், எவ்வளவு செய்து முடித்தார்கள் என்று எழுதி வைத்தனர். நாட்டுப்பற்றும் கூலியும் ஒருங்கே உந்திய அந்தப் பட்டறைகளில் உழைப்பில் மெத்தனம் இருந்தது என்று சொல்வதற்கு இடமில்லை. அந்தப் பதிவுகளை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பின் எடுத்து ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்ட் பொருளியலாளர் ஜான் பென்கவெல், 2014-இல் வெளியிட்ட கட்டுரையில், வாரத்துக்கு ஏறத்தாழ 49 மணி நேரம் வரை உற்பத்தி நேரத்துக்கு ஏற்ப உயர்ந்தது என்றும், அதற்கு மேல் உயர்வு மெலிந்தது என்றும், 70 மணி நேர வேலையின் விளைவு 56 மணி நேர வேலையின் விளைவிலிருந்து பெரிதும் வேறுபடவில்லை என்றும் காட்டினார். வாரம் முழுவதும் ஓய்வின்றிப் போனால் விளைவு குறைந்ததையும் அவர் சுட்டினார்.

உடல்நலச் சான்றுகளும் இத்திசையையே காட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்வதோடு தொடர்புடைய பக்கவாதமும் இதய நோயும் 2016-இல் சுமார் 7,45,000 உயிர்களைப் பறித்தன. 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்வோரைவிட இத்தகையோருக்குப் பக்கவாத இடர் சுமார் 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் இடர் சுமார் 17 விழுக்காடும் கூடுதலாகக் கணிக்கப்பட்டன. மிகையுழைப்பு மரணத்துக்கு ‘கரோஷி’ என்று தனிச்சொல்லே வைத்துள்ள ஜப்பான், 2014-இல் அதைத் தடுப்பதற்கெனச் சட்டம் இயற்றியது.

இந்நிலைப்பாட்டின் வலிமை, அது எண்ணத்தக்கது என்பதே. குறையும் அங்கேயே இருக்கிறது. வெடிதூண்டிப் பாகத்தை எண்ணலாம். ஒரு மென்பொருள் வடிவமைப்பின் தரத்தையோ, ஒரு தணிக்கையாளரின் கவனத்தையோ, ஓர் ஆசிரியரின் பொறுமையையோ அப்படி எண்ண முடியாது. 40 மணி நேரத்தில் கருகிப்போவோரும் 55 மணி நேரத்திலும் மனம் தளராதோரும் உள்ளனர் என்பதால், உடலின் இடரை விளக்கும் அளவுக்கு மனவிலகலை நேரம் விளக்குவதில்லை.

வேலையின் அமைப்பே காரணம் என்னும் நிலைப்பாடு

இந்த இடைவெளியை நிரப்ப எழுந்தவை, வேலையின் அமைப்பை மையமாகக் கொண்ட கோட்பாடுகள். ராபர்ட் கராசெக் 1979-இல், வேலை வைக்கும் கோரிக்கை மிகுந்தும் அதைச் செய்யும் விதத்தைத் தீர்மானிக்கும் உரிமை குறைந்தும் இருக்கும்போதுதான் அழுத்தம் கூடுகிறது என்றார். ஜெர்மனியின் யோஹானஸ் சீக்ரிஸ்ட் 1996-இல், கொடுக்கும் உழைப்புக்கும் பெறும் ஈட்டுக்கும் இடையேயான சமமின்மையை முன்வைத்தார்; ஈடு என்பதில் ஊதியத்தோடு மதிப்பும் வேலை உறுதியும் அடங்கும். மஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் 1997-இல் சுமை, கட்டுப்பாடு, ஈடு, சக பணியாளர் உறவு, நியாயம், விழுமியம் என ஆறு களங்களை வகுத்து, இவற்றில் மனிதருக்கும் வேலைக்கும் பொருத்தம் குலையும் இடத்தில் பணிச்சோர்வு முளைக்கிறது என்றனர். 2001-இல் எவாஞ்சலியா டெமெரூட்டியும் அர்னால்ட் பாக்கரும் பிறரும் வகுத்த மாதிரி, வேலையின் கோரிக்கைகளையும் அவற்றைச் சமாளிக்க உதவும் வளங்களையும் ஒரே தராசில் வைத்தது.

சோர்வைத் தனிமனிதப் பலவீனமாகப் பார்க்கும் வழக்கத்தை அசைத்ததே இக்கோட்பாடுகளின் பெரும்பயன். எனினும் அவற்றின் ஆதாரம் பெரும்பாலும் பணியாளர் தாமே நிரப்பும் வினாநிரல்கள் என்பதால், வேலை கெட்டதால் மனம் சோர்ந்ததா, மனம் சோர்ந்ததால் வேலை கெட்டதாகத் தோன்றுகிறதா என்பதைப் பிரிப்பது கடினமாகிறது. இரண்டாவது இடர்ப்பாடு திறமையாளர்களைப் பற்றியது. அவர்களுக்குத் தீர்மானிக்கும் உரிமை பொதுவாகக் கூடுதலாகவே இருக்கிறது. கராசெக்கின் கணக்குப்படி அவர்கள் காக்கப்பட்டிருக்க வேண்டும். மெலிசா மஸ்மானியனும் பிறரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. எங்கிருந்தும் எந்நேரமும் அலைபேசியில் மின்னஞ்சல் பார்க்கும் வசதியை உயர்தொழில் வல்லுநர் ஒவ்வொருவரும் தம் சுதந்திரமாகக் கருதிப் பயன்படுத்தினர். எல்லோரும் அப்படிப் பயன்படுத்தியதால், எந்நேரமும் பதில் வரும் என்னும் எதிர்பார்ப்பு எல்லோர் மீதும் விழுந்தது. தனித்தனியே பெற்ற சுதந்திரம் கூட்டாக ஒரு கட்டாயமாக மாறியது.

மனமும் மீட்சியும்

நான்காவது விடை உழைப்பவரின் உள்ளத்தை நோக்குகிறது. குடிப்பழக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சாயலில் வேலைப்பித்துக்கு ஒரு பெயரைப் புனைந்த வெய்ன் ஓட்ஸ், 1971-இல் அதைப் பற்றி நூலே எழுதினார். வேலையில் மூழ்கி மகிழ்வதும், வேலை செய்யாவிட்டால் குற்ற உணர்வு அரிப்பதும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலத் தோன்றினும் வெவ்வேறானவை என்பது பின்வந்த ஆய்வுகளின் பொதுமுடிவு. கனடாவின் ராபர்ட் வாலராண்ட் 2003-இல் இவற்றை இணக்கமான பற்று, ஆட்டிப்படைக்கும் பற்று என்று பிரித்தார்: முன்னதில் வேலையை மனிதர் வைத்திருக்கிறார், பின்னதில் மனிதரை வேலை வைத்திருக்கிறது.

ஜெர்மானிய உளவியலாளர் சபினே சொனென்டாகின் ஆய்வுகள் மீட்சியைப் பற்றியவை. அலுவலகத்தை விட்டு உடல் வெளியேறுவது போதாது, எண்ணமும் வெளியேற வேண்டும் என்பதை அவர் ‘உளவிலகல்’ என்னும் கருத்தாக்கத்தால் விளக்கினார். இதில் ஒரு முரணும் தெரியவந்தது: அழுத்தம் மிகும் நாள்களில் மீட்சி மிகத் தேவைப்படுகிறது, அதே நாள்களில்தான் அது கைகூடுவது மிக அரிது. நீண்ட விடுமுறையின் நற்பயனும் வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில் கரைந்துவிடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் பெரிய ஓய்வைவிட, நாள்தோறும் வாரந்தோறும் தவறாமல் கிடைக்கும் சிறிய ஓய்வே பயனுடையதாகலாம்.

இவ்விடையை நிறுவனங்கள் விரும்பி ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் உண்டு: தியான வகுப்பும் மனநலச் செயலியும் வேலைப் பங்கீட்டைத் தொடுவதில்லை. அவற்றின் பயன் பற்றிய சான்று கலவையானது. மருத்துவர்களிடையே நடந்த சோதனைகளை 2017-இல் தொகுத்து நோக்கிய மரியா பனாகியோட்டியும் பிறரும், தனிநபரை நோக்கிய முயற்சிகள் சிறிதளவே பயன் தந்தன என்றும், பணி அட்டவணையையும் சுமையையும் மாற்றிய நிறுவன முயற்சிகளின் பயன் அவற்றைவிடக் கூடியது என்றும் கண்டனர். பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 பணியாளர்களின் தரவை ஆராய்ந்து வில்லியம் ஃப்ளெமிங் 2024-இல் வெளியிட்ட கட்டுரை, தனிநபர் நலத் திட்டங்களில் பங்கேற்றோர் பங்கேற்காதோரைவிட மேம்பட்டிருக்கவில்லை என்றது. தன்னார்வத் தொண்டு மட்டும் விலக்காக இருந்தது. அது ஒரே காலத்தில் எடுக்கப்பட்ட ஒப்பீடு என்பதால், இத்திட்டங்கள் அறவே பயனற்றவை என்னும் முடிவுக்கு அதைக்கொண்டு தாவிவிட முடியாது.

சுமை எங்கே போய்ச் சேர்கிறது

மேற்கண்ட விடைகள் யாவும் சுமை ஏற்கெனவே ஒருவர்மீது இருப்பதாகக் கொண்டு தொடங்குகின்றன. அது அவரிடம் எப்படி வந்தது என்னும் கேள்வியை அண்மைக்கால ஆய்வுகளே நேராக எடுத்துள்ளன. ராப் கிராஸ், ரெப் ரெபெலி, ஆடம் கிராண்ட் ஆகியோர் 2016-இல் எழுதிய கட்டுரையில், நிறுவனங்களில் பயன் தரும் ஒத்துழைப்பின் 20 முதல் 35 விழுக்காடு, 3 முதல் 5 விழுக்காட்டுப் பணியாளர்களிடமிருந்தே வருகிறது என்றனர். உதவி கேட்டால் செய்து கொடுப்பவர் என்று பெயர் பெற்றவரிடமே அடுத்த கோரிக்கையும் போகிறது. இழுக்கிற மாட்டின் வண்டியிலேயே மூட்டை ஏறுகிறது.

லிண்டா பாப்காக்கும் பிறரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, பதவி உயர்வுக்கு உதவாத, ஆனால் யாராவது செய்தாக வேண்டிய வேலைகளுக்குப் பெண்கள் ஆண்களைவிட அதிகமாக முன்வருவதையும், அவர்களிடமே அதிகமாகக் கேட்கப்படுவதையும், கேட்டால் அவர்கள் அதிகமாக இசைவதையும் காட்டியது. சுமை திறமையை மட்டுமன்றி, மறுக்கும் வாய்ப்புக் குறைந்தவரையும் தேடிச் செல்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இது நடைபெறும் விதத்தைச் சென்னை, கோயம்புத்தூர் மென்பொருள் சேவை நிறுவனங்களில் பழக்கமான டைம்ஷீட்டில் காணலாம். வாடிக்கையாளர் திட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு உண்டு. அக்குறியீட்டின் கீழ் எழுதப்படும் மணி நேரத்துக்கே பில் போடப்படுகிறது. ஆனால் புதிதாகச் சேர்ந்தவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது, ஆளெடுப்பு நேர்காணலில் அமர்வது, வேறொரு அணியின் திட்டம் சிக்கலில் மாட்டினால் இரவில் அழைப்பில் இணைந்து பிழையைக் கண்டுபிடித்துத் தருவது ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் குறியீடு இல்லை. திறமையாளர் இவற்றைச் செய்துவிட்டுத் தம் சொந்தப் பணியையும் கெடுவுக்குள் முடிக்கும்போது, தாளில் அவருடைய வாரம் மற்றவர்களுடையதைப் போலவே இருக்கிறது. பதிவாகாத வேலையை அதிகம் என்று சொல்லி மறுப்பது எளிதன்று. அவருடைய செயல்திறன் சரியும்போதுதான் மேலாளருக்கு எச்சரிக்கை தட்டுப்படுகிறது. திறமையாளரிடத்தில் கடைசியாகச் சரிவதோ அதுதான்.

இதிலிருந்து தப்பும் வழிகள் பற்றி இரண்டு ஆய்வுகள் மாறுபட்ட படிப்பினை தருகின்றன. அமெரிக்க ஆலோசனை நிறுவனம் ஒன்றை ஆராய்ந்து எரின் ரீட் 2015-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, சிலர் அருகிலுள்ள வாடிக்கையாளர்களைத் தேர்ந்தும் பயணத்தைக் குறைத்தும், யாரிடமும் சொல்லாமல் தம் வேலையை மட்டுப்படுத்திக்கொண்டு, முழுநேரமும் வேலையே கதியென்று இருப்பவர்களாகத் தோற்றமளித்து, நல்ல மதிப்பீடும் பெற்றனர். வெளிப்படையாகச் சலுகை கேட்டவர்களோ மதிப்பீட்டில் பின்தங்கினர். இதற்கு மாறாக லெஸ்லி பெர்லோ, பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பில் நடத்தி 2009-இல் விவரித்த சோதனையில், வாரத்தில் முன்கூட்டியே குறித்த நேரம் ஒவ்வொருவருக்கும் முற்றிலும் ஓய்வு என்பதை அணி முழுவதும் ஏற்றுக்கொண்டது. அந்த ஓய்வைக் காக்க வேண்டியிருந்ததால், யாரிடம் என்ன வேலை இருக்கிறது என்பதை அணி ஒவ்வொரு வாரமும் வாய்விட்டுப் பேச நேர்ந்தது. ஓய்வைவிட அந்தப் பேச்சே பெரிய மாற்றத்தைத் தந்திருக்கக்கூடும். எனினும், வாடிக்கையாளர் கட்டணத்தில் தாராளம் உள்ள ஒரு நிறுவனத்தில் இயன்றது, ஆள் குறைவாக ஓடும் மருத்துவமனையிலோ அரசு அலுவலகத்திலோ இயலுமா என்பது தனிக்கேள்வி.

சட்டம் கைவிடும் இடம்

சட்டம் நேரத்துக்கு வரம்பு கட்டுகிறது. ஆனால் பல நாடுகளில் அந்த வரம்பு, பதவியும் தேர்ச்சியும் உயரும் இடத்தில் நின்றுவிடுகிறது. அமெரிக்காவின் 1938-ஆம் ஆண்டு நியாயமான தொழிலாளர் தரச் சட்டம், நிர்வாக, உயர்தொழில் பணிகளில் உள்ளோரை மிகைநேர ஊதியத்திலிருந்து விலக்கிவைத்தது. தமிழ்நாட்டின் 1947-ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்தாலும், நிர்வாகப் பொறுப்பில் உள்ளோருக்கு அது பொருந்தாது. ஜப்பானின் 2018-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் மிகைநேரத்துக்கு மாதம் 45 மணி, ஆண்டுக்கு 360 மணி என்று பொது வரம்பு வகுத்து, தனிச்சூழலிலும் ஆண்டுக்கு 720 மணியைத் தாண்டக் கூடாது என்றது. அதே சீர்திருத்தம் உயர் ஊதியம் பெறும் வல்லுநர் சிலரை நேர வரம்புகளிலிருந்து விடுவித்தது. தம் நேரத்தைத் தாமே ஆளக்கூடியவர்கள் இவர்கள் என்பதே இவ்விலக்குகளின் நியாயம். மஸ்மானியன் முதலியோரின் ஆய்வு அந்த நியாயத்தைச் சற்றே ஐயத்துக்கு உள்ளாக்குகிறது.

பிரான்சில் 2017 முதல் நடைமுறையில் உள்ள, அலுவலகத் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை, வேலை நேரத்துக்கு வெளியே வரும் அழைப்புகளைக் குறிவைக்கிறது. தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று சட்டப்பேரவையில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது, கூட்டுக் குரலுக்கு இன்னும் வலு உண்டு என்பதைக் காட்டியது. அக்குரலை எழுப்பும் சங்க மரபு தொழிற்சாலைகளில் வேரூன்றிய அளவுக்கு மென்பொருள் அலுவலகங்களில் வேரூன்றவில்லை.

தீர்ந்தவையும் தீராதவையும்

இத்துறையின் அடித்தளத்திலேயே இரண்டு கேள்விகள் திறந்தே உள்ளன. முதலாவது அளவீடு. மருத்துவர்களிடையே பணிச்சோர்வை ஆராய்ந்த 182 ஆய்வுகளை 2018-இல் தொகுத்து நோக்கிய லிசா ரோட்டன்ஸ்டைனும் பிறரும், அவற்றில் குறைந்தது 142 வரையறைகள் பயன்பட்டிருப்பதையும், பாதிப்பு 0 முதல் 80.5 விழுக்காடு வரை மாறுபட்டிருப்பதையும் கண்டனர். அளவுகோலே நெகிழும்போது, பணிச்சோர்வு பெருகுகிறது அல்லது குறைகிறது என்னும் கூற்றுகளை எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும். இரண்டாவது, மனச்சோர்வு நோயோடு அதற்குள்ள உறவு. ரென்சோ பியாங்கி முதலியோர் இரண்டும் பெரிதும் ஒன்றன்மேல் ஒன்று படிவதாக வாதிடுகின்றனர். அது உண்மையாயின், வேலைப் பங்கீட்டால் தீரும் ஒன்றாக மட்டுமே இதைக் கருதுவது, சிகிச்சை தேவைப்படுவோரைத் தாமதப்படுத்தும் ஆபத்து உண்டு.

இவ்வளவையும் தொகுத்துப் பார்த்தால், ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. வாரத்துக்கு 50 மணியைக் கடந்த வேலை கூடுதல் விளைவைத் தருகிறது என்னும் நம்பிக்கைக்குச் சான்று பலவீனமாகவும், 55 மணியைக் கடந்த வேலை உடலைக் கெடுக்கிறது என்பதற்குச் சான்று வலுவாகவும் உள்ளன. நாள்தோறும் கிடைக்கும் உளவிலகல் உதவுகிறது. ஆனால் தனிநபர் முயற்சி மட்டும் போதுமானதாகத் தெரியவில்லை. திறமையுள்ள பணியாளரைப் பொறுத்தவரை, ‘இல்லை என்று சொல்லப் பழகு’ என்னும் வழக்கமான அறிவுரை பாதிதான் சரி. தம்மிடம் வரும் பதிவாகாத வேலைகளைப் பெயரிட்டு எழுதிவைத்து, புதிய வேலை வரும்போது கையிலுள்ளவற்றுள் எதை இறக்கிவைப்பது என்று மேலாளரிடமே கேட்பது, மறுப்பதைவிட இடர் குறைந்த வழியாக இருக்கலாம். அது பலிக்குமா என்பது, அந்தப் பட்டியலைப் பார்க்கும் பொறுப்பு நிறுவனத்தில் யாருக்காவது இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

அத்தகைய பட்டியல்களை முறையாகத் தொகுத்து, சுமை பங்கிடப்பட்டபின் பணிச்சோர்வு குறைகிறதா என்று பல தொழில்களில் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் அரிதாகவே உள்ளன. வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வெடிதூண்டிப் பாகங்களை எண்ணி எழுதிவைத்த நோட்டுகளுக்கு இணையான பதிவு அலுவலக வேலைக்கு உருவாகும்வரை, நேரத்தைப் பற்றிய வாதம் மட்டுமே ஓங்கி ஒலிக்கும் என்று எதிர்பார்க்கலாம்.